எட்டாத இடம்

எங்கள் ஊரில் ஒருவன் மருந்து சாப்பிட்டான் என்றால் அவனுக்குக் காய்ச்சல் என்று பொருள். மருந்து குடித்துவிட்டான் என்றால் ஊரே வண்டி தேடி ஓடும். மருந்தடிக்கப் போயிருக்கிறான் என்றால் பருத்திக்காட்டில் இருப்பான். மருந்து வைத்துவிட்டாள் என்பது, சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளை மயக்கிவிட்டாள் என்கிற பழைய புகார். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் குழாய்க்குள் திணிப்பதையும் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். பெயர்ச்சொல் ஒன்றேதான். எது உயிரைக் காக்கும், எது உயிரை எடுக்கும் என்பதை அடுத்து வரும் வினைச்சொல் சொல்லிவிடும். எச்சரிக்கையை வினைச்சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

பூச்சிக்கொல்லி என்ற சொல் அச்சில் உண்டு. வானொலியின் உழவர் நிகழ்ச்சியில் உண்டு, வேளாண்மை அலுவலர் வாயில் உண்டு. வரப்பில் கிடையாது. அங்கே அது மருந்து. பயிருக்கு நோய், அதற்கு மருந்து. உரக்கடைக்காரர் வைத்தியர் மாதிரி கேட்டுக் கொடுக்கிறார். "காய்ப்புழு விழுந்திருக்குங்க" என்றால் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைப்பார். போன தடவை கொடுத்தது கேட்கவில்லை என்றால் அதைவிடக் காட்டமாக இன்னொன்று. இந்தப் பேச்சுக்குள் 'நஞ்சு' என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் சொல் எந்த வழியாக நுழையும்? மருந்து என்று கேட்டு, மருந்து என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பொருளின் மேல் நஞ்சு என்று எழுதியிருந்தால், படிக்கத் தெரிந்தவரும் அதைப் புழுவுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

1980களின் பிற்பகுதி. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. நான் எட்டாம் வகுப்பு. மானாவாரிக் கரிசலில் சித்தப்பா பருத்தி போட்டிருந்தார். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பேருந்தின் ஊர்ப்பெயரைப் படிப்பார், கல்யாணப் பத்திரிகையில் தேதியைப் பார்ப்பார், அதற்கு மேல் கண் ஓடாது. அந்த வருஷம் கடைக்காரர் கொடுத்தது புது மருந்து. டப்பாவோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய தாள் ஒன்று இருந்தது. பிரிக்கப் பிரிக்க அது வளர்ந்துகொண்டே போய்த் திண்ணையில் பாதியை அடைத்துக்கொண்டது.

"என்னடா போட்டிருக்கு, படி."

மூன்று மொழிகளில் இருந்தது. தமிழ்ப் பகுதியை விரல் வைத்துத் தேடிப் பிடித்தேன். எழுத்து எறும்பைவிடச் சிறியது. பாடம் ஒப்பிப்பதுபோல உரக்கப் படித்தேன். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று நான் படித்தபோது டப்பா என் மடியில் இருந்தது. அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. வீட்டில் தடங்காமல் படிக்கத் தெரிந்த ஆள் நான்தான், நான்தான் குழந்தையும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதுதான் நடந்திருக்கும். நில வரி ரசீதையும் கூட்டுறவுக் கடன் நோட்டீஸையும் வாசித்த அதே வாய் இதையும் வாசித்திருக்கும்.

"சுவாசக் கவசம்னா என்னடா?"

"மூக்குல கட்டுறது சித்தப்பா."

"துண்டுதான் கட்டுறோமே. மேல படி."

காற்றின் திசைக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது என்ற வரிக்கு, "அது தெரியாதா" என்றார். காலிக் கலன்களை உடைத்துப் புதைக்கவும் என்ற வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. முறிவு மருந்து என்று தொடங்கி அட்ரோபின் என்று வாயில் நுழையாத பெயர் வந்தது. "அதெல்லாம் டாக்டருக்கு எழுதினது. எவ்வளவு ஊத்தணும்னு எங்க போட்டிருக்கு, அதப் பாரு." பார்த்தேன். ஹெக்டேருக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று ஒரு கட்டம் போட்டிருந்தது. ஹெக்டேர் என்றால் எவ்வளவு என்று அவர் கேட்டார். கணக்குப் புத்தகத்தில் படித்தது நினைவிருந்தது. இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி என்றேன். அவர் கையில் இருந்தது ஏக்கரும் இல்லை, ஹெக்டேரும் இல்லை. தண்ணீரை டேங்கு கணக்கிலும் மருந்தை மூடி கணக்கிலும் அளந்தவர் அவர். டேங்குக்கு ரெண்டு மூடி, புழு அதிகமென்றால் மூணு. அந்தத் தாளில் மூடி என்ற அளவே இல்லை. நாலாய் எட்டாய் மடித்து எழுந்து நின்று, ஓட்டுக்கூரையின் எரவாணத்தில் செருகினார். எங்கள் வீட்டில் பத்திரம், ரசீது, ஜாதகம் எல்லாம் அங்கேதான் இருந்தன. டப்பாவைக் காலால் நகர்த்தி மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோரம் வைத்தார்.

அந்தத் தாள் நம் கைக்கு வந்த கதை நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. பால்டாயில் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். சிறு வயதில் அது ஏதோ எண்ணெய் வகை என்று நினைத்திருந்தேன். பாலும் ஆயிலும் அதில் ஒலித்தன. அது ஃபாலிடால் என்ற வணிகப் பெயரின் திரிபு. உள்ளே இருந்தது ஜெர்மனியில் 1940களில் உருவாக்கப்பட்ட பாராதியான். 1958இல் அது கோதுமை மாவு வந்த கப்பலிலேயே ஏற்றப்பட்டு, கசிந்து மாவில் கலந்தது. அந்த மாவைத் தின்று கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீதிபதி ஜே.சி. ஷா விசாரித்தார். பத்து ஆண்டுகள் கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 1971இல் வந்தன. டப்பாவில் என்ன எழுத வேண்டும், தாள் எந்தெந்த மொழிகளில் இருக்க வேண்டும், எந்த நிறத்தில் எந்தச் சின்னம் என்பதெல்லாம் அந்த விதிகளில்தான் இருக்கின்றன.

அந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் ஃபாலிடாலை விலைக்கு வாங்கியவர் இல்லை. அவர்கள் ரொட்டி தின்றவர்கள். எந்தத் தாளைப் படித்திருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்க வழியில்லை. அவர்களை முன்னிட்டுப் பிறந்த சட்டம் விற்பனை உரிமம், பதிவு, ஆய்வாளர் என்று பலதைக் கொண்டுவந்தது உண்மை. ஆனாலும் வயலில் நிற்பவன் கைக்குக் கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு தாளும் ஒரு வைர வடிவமும்தான்.

அந்த வைர வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டப்பாமேல் ஒட்டும் சிட்டையின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தில், 45 பாகை சாய்ந்த சதுரம் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல், கீழ் முக்கோணத்தில் நிறம். விழுங்கும்போது சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு, கூடவே மண்டையோடும் எலும்பும். 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கும் மேலே பச்சை. தோல்வழி ஏறும் நஞ்சுக்குத் தனி அளவுகள் உண்டு. இந்த வரிசையை அமைத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை நினைத்துத்தான் அமைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். சொல் எட்டாத இடத்துக்கு நிறம் எட்டும் என்று எண்ணியிருப்பார்கள்.

ஆனால் நிறங்களும் ஒரு மொழிதான். அதையும் ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். மஞ்சள் என்றால் நம் வீடுகளில் மங்கலம். தாலிக்கயிறு மஞ்சள், காப்புக்கட்டும் கயிறு மஞ்சள், புதுத்துணியின் ஓரத்தில் தடவுவது மஞ்சள். பச்சை என்றால் பயிர் நன்றாக இருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் அதை விலக்கிவிட்டது. இங்கே அதன் டப்பாவில் இருப்பது மஞ்சள் முக்கோணம். எங்கள் பக்கத்து உரக்கடையில் ஒரு பெரியவர் மண்டையோடு போட்ட டப்பாவைக் காட்டி அதையே கொடுக்கச் சொன்னதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "அதுதாங்க கேக்கும்" என்றார். மண்டையோடு அவருக்குச் சொன்னது வீரியத்தை. அவர் அதைத் தவறாகப் படித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. புழுவைக் கொல்லத்தான் வந்திருக்கிறார். நன்றாகக் கொல்லும் என்று படம் போட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பொறுப்பு பற்றிய பேச்சு எழும். டப்பாவில் எழுதியிருக்கிறோம், தாள் கொடுத்திருக்கிறோம், அதற்கு மேலும் ஒருவன் முகமூடி போடாமல் கையுறை போடாமல் அடித்தால் அது அவன் பொறுப்பு. கேட்க நியாயமாகவே இருக்கும் பேச்சு இது. வளர்ந்த மனிதன் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். என் சித்தப்பாவைப் பார்த்தவன் என்பதால் இன்னும் அழுத்தியே சொல்வேன்.

அவருக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. வெயில் ஏறுவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். வெறும் வயிற்றோடு காட்டுக்குப் போகக் கூடாது. காற்று திரும்பினால் அவரும் திரும்பி, அடித்த இடத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டே நடப்பார். பீடி இல்லாமல் இருக்க முடியாத மனிதர். மருந்தடிக்கும் நாளில் குளித்து முடிக்கும்வரை பீடியைத் தொட மாட்டார். அடித்த காட்டுக்குள் ஆடு மாடு போகாமலிருக்க நாலு மூலையிலும் வெள்ளைத்துணி கட்டுவார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அந்த வாரம் களையெடுக்க வரக் கூடாது என்று சொல்லி அனுப்புவார். மருந்தடிக்கிற சட்டையும் வேட்டியும் தனி. கொல்லையில் முருங்கைக் கிளையில் தொங்கும். அதை வேறு யாரும் தொடக் கூடாது. அம்மா மட்டும் குச்சியால் எடுத்துத் தனி வாளியில் நனைத்து அலசுவாள். அவள் கைக்கு உறை என்று எதுவும் இருந்ததில்லை. இவற்றில் பாதி அந்தத் தாளில் இருந்தது, மீதி இல்லை. அவர் தாளைப் படித்துக் கற்றவர் அல்லர். பக்கத்துக் காட்டுக்காரர் மயங்கி விழுந்ததைப் பார்த்தும், வரப்பில் செத்துக் கிடந்த மைனாவைப் பார்த்தும் கற்றவர்.

இவ்வளவு பொறுப்பாக இருந்தவருக்கு டேங்கின் மூடி ஒழுகியது. உள்ளே இருந்த வாஷர் தேய்ந்துவிட்டது. பக்கத்தில் எந்தக் கடையிலும் அது தனியாகக் கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார். டேங்கு நிறைய இருக்கும்போது குனிந்தால் முதுகு நனையும். தாளில் முகமூடிக்கு ஒரு வரி, கையுறைக்கு ஒரு வரி, காலணிக்கு ஒரு வரி. முதுகுக்கு எந்த வரியும் இல்லை. அட்ரோபினை முறிவாகக் கேட்கும் இந்த வகை மருந்துகளில் பல தோல்வழியாகவே இரத்தத்தில் ஏறும். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை முடித்துவைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். செய்தி முடியாமல் நீண்டுகொண்டே போகும். வேர்வை நிற்காது, எச்சில் நிற்காது, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். புழுவுக்கும் மனிதனுக்கும் அந்த நொதி பொது.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த ஆண்டு செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. கீழ்நோக்கி அடிக்க வேண்டியதை முகத்துக்கு நேராக அடித்திருக்கிறார்கள். செய்திகளைப் படித்துக்கொண்டே வந்தபோது முதலில் கேட்ட விளக்கம் எனக்குப் பழகியதாக இருந்தது: பாதுகாப்பு உடை அணியவில்லை, மருந்துகளை முறையின்றிக் கலந்தார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். செத்தவனைப் பார்த்து நீ உடை அணியவில்லை என்று சொல்வதற்கு முன்னால், அந்த உடையை அணிந்து அந்த மாதத்து வெயிலில் அரை நாள் ஒரு பருத்திக்காட்டில் நடந்து பார்க்க வேண்டாமா என்பதுதான் என் ஆற்றாமை.

இதை நான் மட்டும் கேட்கவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1985இல் வெளியிட்ட பூச்சிக்கொல்லி நடத்தை நெறிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. அணிய வசதியில்லாத, விலை கூடிய பாதுகாப்பு உடையும் சாதனங்களும் தேவைப்படும் பூச்சிக்கொல்லிகளை, அதிலும் வெப்ப நாடுகளில் சிறு விவசாயிகள் கையாளும் இடங்களில், தவிர்க்க வேண்டும் என்கிறது அது. சித்தப்பாவின் திண்ணையில் அந்தத் தாளை நான் வாசித்த நாளில் இப்படி ஒரு வாசகம் உலகத்தில் எழுதப்பட்டாகிவிட்டது. அது எங்களுக்கு எழுதப்பட்டதல்ல. விற்பவர்களுக்கும் அனுமதிப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. எங்களுக்கு எழுதப்பட்டது எங்கள் கைக்கு வந்தது, எறும்பெழுத்தில் என்றாலும். அவர்களுக்கு எழுதப்பட்டதை அவர்களுக்கு யார் உரக்கப் படித்துக் காட்டினார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் ஊரில் இப்போது சொந்தக் காட்டுக்குத் தானே மருந்தடிப்பவர் குறைவு. பவர் ஸ்ப்ரேயரோடு ஆள் வருகிறார். டேங்குக்கு இத்தனை என்று கூலி. காட்டுக்காரர் கடையில் வாங்குகிறார், வரப்பில் உட்கார்ந்து கலந்து ஊற்றுகிறார். அடிப்பவர் முதுகைக் காட்டி நிற்கிறார், டேங்கு நிறைகிறது, நடக்கிறார். ஒரு நாளில் நாலு காடு, நாலு வேறு மருந்து. டப்பா அவர் கண்ணில் படுவதே இல்லை. போன தை மாதம் ஒருவரிடம் என்ன மருந்துங்க என்று கேட்டேன். "தத்துப்பூச்சிக்கு" என்றார். பூச்சியின் பெயர் தெரிந்திருந்தது. தன்மேல் படிந்திருப்பதன் பெயரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியது. வரவேற்க வேண்டிய சட்டம்தான். அதற்கு முன்னால் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அதன் 87ஆம் பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது. பணியிடத்தில் பயன்படுத்த முதலாளி வாங்கிய பொருளாக இருந்து, எச்சரிக்கையை அந்த முதலாளியிடம் உற்பத்தியாளர் தந்திருந்தால், போதிய எச்சரிக்கை தரவில்லை என்ற வழக்கு அவர்மேல் நிற்காது. எல்லோருக்கும் தெரிந்த, கண்கூடான ஆபத்தைச் சொல்லாமல் விட்டதற்கும் அவர் பொறுப்பல்லர். சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் தொழிற்சாலை இருந்திருக்கலாம். நான் படிக்கும்போது எனக்குத் தெரிவது வரப்பு. எச்சரிக்கை காட்டுக்காரரிடம் வந்துசேர்ந்துவிட்டது. சட்டத்தின் கணக்கில் அது சொல்லப்பட்டாயிற்று. முதுகைக் காட்டி நிற்பவருக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை ஐந்து ஏக்கர் பருத்தியும் அடகில் நகையும் வைத்திருப்பவர் தோளில் ஏறிவிட்டது. ஒவ்வொரு கையும் தாளை அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்கிறது. கடைசிக் கையில் இருப்பது தெளிப்பான் குழாய்.

தாளுக்கு வெளியே நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் கேரளத் தோட்டக் கழகம் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தது. கீழே கிணறு இருந்தது, வீடு இருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இருந்தார்கள். வானத்திலிருந்து விழும் பொருளுக்கு எந்த முகப்பில் சிட்டை ஒட்டுவது? 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நாடு முழுவதும் நிறுத்தியது.

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. மருந்து வந்த காலிக் கலனில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்று சொன்னார்கள். தலைமை ஆசிரியைக்குத் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் அது சரியாகவும் இருக்கலாம். காலிக் கலன்களை உடைத்துப் புதைக்கவும் என்ற வரியை நான் படித்தபோது சித்தப்பா ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு விளங்கியது. இறுக்கமாக மூடும், ஒழுகாத, கைப்பிடி வைத்த ஒரு பாத்திரம் அந்த வீடுகளில் எவ்வளவு அரிய பொருள் என்பது அந்த வரியை எழுதியவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலேயே மண்ணெண்ணெய்க்கு அப்படி ஒன்று இருந்தது. சுடுதண்ணீரும் சாம்பலும் போட்டுக் கழுவியதாக அம்மா சொல்வாள். பொறுப்பாகத்தான் கழுவியிருப்பாள்.

இதற்கெல்லாம் மாற்றாக என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இலங்கையைச் சொல்வேன். 1984இல் அங்கே பாராதியானை நிறுத்தினார்கள். 1995இல் மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும் போயின. 1998இல் எண்டோசல்பான். 2008 தொடங்கி 2011க்குள் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் மூன்றும் படிப்படியாகப் போயின. 1995இல் அந்த நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் லட்சத்துக்கு 57 பேர். 2015இல் அது 17. அந்த இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் பிழைத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். விளைச்சல் அதனால் சரிந்துவிடவில்லை என்றும் பதிவாகியிருக்கிறது. போர், வறுமை, இடப்பெயர்வு எல்லாம் சேர்ந்தே இருந்த ஆண்டுகள் அவை. மக்கள் திடீரென்று பொறுப்பானவர்களாக மாறிவிடவில்லை. அவர்கள் துயரமும் வடிந்துவிடவில்லை. ஒரு கெட்ட மாலைப்பொழுதில் கைக்கு எட்டும் தூரத்தில் அந்த டப்பா இல்லை. விடிந்தபோது ஆள் இருந்தார். யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டக்காரருக்கும் அனுராதபுரத்து நெல் விவசாயிக்கும் ஒன்றாகவே கிடைத்த பாதுகாப்பு இது. இதற்காக அவர்கள் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே வேகம் அப்படி இல்லை. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இல் தடை வந்தது. பருத்திக்கு அடிக்கலாம் என்ற அனுமதி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. அதே கடை, அதே அலமாரி, அதே டப்பா. கத்தரிக்காய்க்கும் பருத்திக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த டப்பா அறியவில்லை. அதை வாங்கிப் போகிறவன் அறிந்து நடக்க வேண்டும் என்று விட்டிருந்தோம்.

சித்தப்பாவின் உடம்பில் மருந்து ஏறியது நான் தாளைப் படித்துக் காட்டிய நாலாம் நாள். மூன்றாவது தடவை அடித்துவிட்டு மதியம் வந்தவர், குளிக்காமல் கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் மங்குது என்றார். வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அம்மா அதைக் கிழித்து எடுத்தாள். ஒரு வேனில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் மருத்துவர் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், பார்த்த உடனேயே ஊசிக்குச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன மருந்து?"

"பருத்திக்கு அடிக்கிறதுங்க" என்றாள் அம்மா.

"பேர் என்னம்மா?"

அப்பா என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான்தானே படித்தேன். எனக்குக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பது நினைவிருந்தது. ஹெக்டேர் நினைவிருந்தது. பெயர் நினைவில்லை. சிகிச்சை நடக்கட்டும், டப்பாவையோ அதோடு வந்த தாளையோ யாராவது போய் எடுத்துவாருங்கள் என்றார் மருத்துவர். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சொல்கிறவர் குரல் அது.

அப்பாவின் சிநேகிதர் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். ஊருக்கு வரும்போது இருட்டிவிட்டது. முதலில் காட்டுக்குப் போனோம். டப்பா வரப்பில் கிடந்தது. கலக்கும்போது வழிந்து வழிந்து, மேலே ஒட்டியிருந்த சிட்டை கூழாகிப்போயிருந்தது. நிறமும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். தாள் எரவாணத்தில் செருகியபடி இருந்தது. அண்ணாந்து பார்த்தால் மடிப்பின் வெள்ளை ஓரம் தெரிந்தது. குதித்துப் பார்த்தேன், எட்டவில்லை. திண்ணைமேல் ஏறி எக்கினேன், விரல் நுனி ஓட்டைத்தான் தொட்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்த அவர் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கினார்.